சத்தமில்லாத கப்பலும் சந்தைக்கடைக் கப்பலும்

என் அப்பாவின் தம்பியை எங்கள் வீட்டில் சின்னதும் பெரியதும் 'கப்பல் சித்தப்பா' என்றுதான் சொல்லும். இருபத்தாறு வருடம் சுற்றுலாக் கப்பல்களின் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறியவர். எட்டு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. வீட்டில் இருக்கும் நாட்களில் யார் டம்ளரில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கினாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும்.

முதல் கப்பலில் பதினாறு வருடம் இருந்தார். அதைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே தணிந்துவிடும். எழுநூறு பயணிகள். பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கோட்டு இல்லாமல் கூடத்துக்குள் நுழைய முடியாது. ஒரு பெரிய ஆலை முதலாளி கோட்டை மறந்து வந்தபோது, வாசலில் இருந்த தலைமைப் பணியாளர் இரவல் கோட்டு ஒன்றை நீட்டினாராம். அதன் கை முழங்கைக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட, முதலாளி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அடக்கமாகச் சாப்பிட்டுப் போனாராம்.

"அங்கே யாராவது குரல ஒசத்திப் பேசினா, கப்பல் முழுகப் போகுதோன்னு பயந்துடுவாங்க" என்பார் சித்தப்பா.

ஜன்னலோரம் இருவர் உட்காரும் மேசையில் ஓய்வுபெற்ற நீதிபதியும் அவர் மனைவியும் வருடா வருடம் மூன்று வாரம் உட்காருவார்கள். ஆறு வருடம் ஜோடியாக வந்தார்கள். ஏழாம் வருடம் அந்த அம்மாள் மட்டும் வந்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தால் அவர் மனம் நோகுமே என்று சித்தப்பா தானே அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அந்த வருடத்தோடு சேர்த்து ஐந்து வருடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாமல் பரிமாறினார். மற்ற பயணிகளும் தலையை லேசாகச் சாய்த்து வணங்கிவிட்டு ஒதுங்கிப் போனார்கள். துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யாமலிருப்பதுதான் பெரிய மரியாதை என்று சித்தப்பா நம்பினார்.

பிறகு கம்பெனி அந்தக் கப்பலை விற்றது. சித்தப்பாவுக்கு இன்னொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே மூவாயிரம் பேர். விடிந்ததும் விடியாததுமாக நீச்சல்குளத்து நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். ஈர அரைக்கால் சட்டையோடு, செருப்பு சளக் சளக்கென்று அடிக்கச் சாப்பிட வருவார்கள். மேசைக்கு அடியில் பிள்ளைகள் ஊர்ந்துகொண்டிருக்கும். வாரம் ஒருநாள் பரிமாறுபவர்கள் கைத்துண்டைச் சுழற்றி ஆடவேண்டும். சித்தப்பாவுக்கு உயிரே போய்விட்டது.

"அண்ணே, நான் கிளம்பி வந்துடறேன். இது கப்பலே இல்ல, சந்தக்கடை" என்று அப்பாவிடம் போனில் புலம்பினார்.

"சந்தைக்கும் மனுஷங்கதானேடா வர்றாங்க? ஒப்பந்தத்த முடிச்சிட்டு வா" என்றார் அப்பா.

இரண்டாம் வருடம் ஒரு மதியம், ஐஸ்கிரீம் வரிசையில் பூப்போட்ட மஞ்சள் சட்டையும் ரப்பர் செருப்புமாக நின்ற ஒருவரைப் பார்த்துச் சித்தப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீதிபதியின் மனைவி. அவருக்காக இவருக்கு வெட்கமாக இருந்ததாம்.

"மேடம், நீங்க இங்கேயா? டிக்கெட்ல ஏதாவது தப்பு நடந்துடுச்சா?"

"தப்பெல்லாம் இல்ல. நான்தான் கேட்டு வாங்கினேன்" என்றார் அந்த அம்மாள். "அங்கே அஞ்சு வருஷம் தனியா சாப்பிட்டேன். ஒருத்தரும் வாயத் திறந்து ஒரு வார்த்தை பேசல. நீங்களும்தான். ஆமா, அந்த நாற்காலிய எடுத்தது யாரு?"

"நான்தான் மேடம். உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

"இருந்திருந்தா யாராவது வந்து உட்காருவாங்கன்னு நெனச்சுக்கிட்டாவது இருந்திருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சித்தப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்த்துவிட்டோ என்னவோ, "உங்களுக்குக் குழந்தைங்க இருக்காங்களா?" என்று கேட்டார். பதினொரு வருடப் பழக்கத்தில் முதல் சொந்தக் கேள்வி. சித்தப்பா பர்ஸிலிருந்து மகள் படத்தை எடுத்துக் காட்டினார். அவர் பார்த்து முடிப்பதற்குள், இதற்கிடையே கைக்கு வந்திருந்த ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டு வரை வழிந்துவிட்டது.

அன்று மாலை சித்தப்பா, இரு தரப்பையும் கேட்டுக்கொண்டு, அவரை ஒரு லாரி ஓட்டுநரின் குடும்பத்தோடு வட்ட மேசையில் உட்கார வைத்தார். அவர்கள் எட்டுப் பேர், எட்டு வாய், ஒரே நேரத்தில் எட்டும் பேசும். கடைக்குட்டி தனக்குப் பிடிக்காத பட்டாணியை எல்லாம் பொறுக்கி, கேட்காமலே அந்த அம்மாள் தட்டில் போட்டது. சித்தப்பா தட்டை மாற்றப் பாய்ந்தார். அந்த அம்மாளோ ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே, நீதிபதி நீதிமன்றத்திலேயே குறட்டை விட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நாலு மேசை திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "அவங்களுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்" என்று சித்தப்பா சொல்வார்.

அதன் பிறகு அவரும் லாரிக்காரர் குடும்பமும் பேசிவைத்துக்கொண்டு நான்கு வருடம் ஒன்றாக வந்தார்கள். ஐந்தாம் வருடம் குடும்பம் மட்டும் வந்தது. லாரிக்காரரின் மனைவி சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தூக்கத்துலயே போயிட்டாங்க. காரியத்துக்கு நாங்க எல்லாரும் போயிருந்தோம்" என்றார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பணி நேரத்தில் பயணிகளோடு உட்காரக்கூடாது என்பது விதி. சித்தப்பா உட்கார்ந்தார். மேலாளர் பார்த்தும் பார்க்காதது போலப் போய்விட்டார்.

முட்டிவலி வந்து ஓய்வுபெற்றதும், பழைய ஊழியர் சலுகையில் சித்தப்பாவும் சித்தியும் பயணிகளாகவே ஒரு வாரம் போனார்கள், அதே சந்தைக்கடைக் கப்பலில். மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவர் திடீரென்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம்.

"என்னங்க?" என்று சித்தி கேட்டாள்.

"இந்நேரம் அந்தப் பழைய கப்பல்ல விளக்கெல்லாம் ஏத்தியிருப்போம். வெள்ள விரிப்புல ஒரு சுருக்கம் இருக்காது. அலை சத்தம் மட்டும் கேக்கும்."

"அவ்வளவு ஆசைன்னா அதுலயே போயிருக்கலாமே?"

"அத வாங்கினவங்க உடைச்சுப் பத்து வருஷமாச்சு."

பக்கத்து மேசைக்காரர் உப்பு கேட்டார். சித்தப்பா எடுத்துக் கொடுத்தார். பிறகு நாற்காலியை அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, "எத்தன பேரு வந்திருக்கீங்க?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்.