மஞ்சள் நுரைப் பட்டியல்

எங்கள் நாய் வாந்தி எடுத்தால் அம்மா பெருமாளைக் கூப்பிடுவாள். நான் மடிக்கணினியைத் திறப்பேன். தரையை யார் துடைப்பது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கொள்கை: மற்றவள்.

மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. அதனால் வாந்திக்கும் ஓர் அட்டவணை வைத்திருந்தேன். தேதி, மணி, நிறம், நுரையா கட்டியா, கடைசியாக என்ன சாப்பிட்டாள், பிறகு வாலாட்டினாளா. கடைசிக் கட்டம்தான் முக்கியம். வாலாட்டித் தண்ணீர் குடித்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். சுருண்டு படுத்தாலோ, ரத்தம் வந்தாலோ, அடுத்தடுத்து எடுத்தாலோ உடனே ஆட்டோ பிடிக்க வேண்டும். அடையாறு டாக்டரம்மா சொன்ன இந்த விதியை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தேன். அம்மா அதன் மேல் பெருமாள் காந்தத்தை வைத்திருந்தாள், சரியாக ‘ரத்தம்’ மறையும்படி.

நான்கு மாதத்தில் ஏழு முறை. எல்லாம் விடியற்காலை, எல்லாம் மஞ்சள் நுரை. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை.

“இன்னொரு தடவை எடுத்தா, மயக்க மருந்து குடுத்து வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பாத்துடலாம்” என்றார் டாக்டரம்மா.

“பதினோரு வயசு மேடம். எழுந்துடுவாளா?”

“பெரும்பாலும்.”

அந்தச் சொல்லை நான் ஆபீஸில் யாரையும் சொல்ல விடுவதில்லை.

எட்டாவது வந்தது. திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினேன். சனிக்கிழமை, டாக்டரிடம் காட்டுவதற்காக அட்டவணையை ஒழுங்குபடுத்தும்போதுதான் தேதிகளின் இடைவெளி கண்ணில் பட்டது. பதினான்கு, பதினைந்து, பதினைந்து, பதினான்கு. அதுவரை கீழ்வீட்டு மீன் குழம்பைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். மீன் குழம்புக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாது.

“அம்மா, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நம்மாத்துல என்ன நடக்கறது?”

அம்மா பூத்தொடுப்பதை நிறுத்தவில்லை. “ஏகாதசி.”

சுவர்க் காலண்டரைப் புரட்டினேன். எட்டு வாந்தியும் ஏகாதசிக்கு மறுநாள்.

“அன்னிக்கு இவளுக்கு என்ன போடற?”

“என்னத்தப் போடறது? ஆத்துல சாதமே வடிக்கறதில்லையே. நானும் பட்டினி, அவளும் பட்டினி. சமத்தா என் பக்கத்துல படுத்துண்டுடும். உன்ன மாதிரியா, கேன்டீன்ல பிரியாணி திங்கறதுக்கு?”

அம்மா இந்த விரதத்தைத் தொடங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. எனக்கு நல்ல வரன் அமைய வேண்டும் என்று. ஆக, என் கல்யாணத்துக்காக நாய் விரதம் இருந்திருக்கிறது. வரன் ஒன்றும் வரவில்லை.

சிரிக்க முடியவில்லை. என் அட்டவணையில் ‘கடைசி உணவு’ என்ற கட்டத்தில் எட்டு வரிசையிலும் ‘மாலை ஏழு, தயிர் சாதம்’ என்று இருந்தது. கிண்டியிலிருந்து நான் வீடு திரும்ப ஒன்பதாகும். ஏழு மணிக்கு நடப்பதை நான் பார்த்ததே இல்லை. முதல் வரிசையை நிரப்பிவிட்டு மீதிக்கும் அதையே மௌஸால் கீழே இழுத்து நகலெடுத்திருக்கிறேன். இதை ஒரு ஜூனியர் செய்திருந்தால் மீட்டிங் போட்டுக் கிழித்திருப்பேன்.

டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லும்போது பின்னால் ஏதோ பூனை கத்தியது.

“வெறும் வயித்துல பித்தம் பொங்கியிருக்கலாம். அன்னிக்கும் வழக்கம்போல சாப்பாடு போடுங்க. ரெண்டு ஏகாதசி பாப்போம். கேமரா அப்புறம்.”

அம்மாவிடம் சொன்னபோது அவள் நாயின் காதை மடக்கி மடக்கி விட்டுக்கொண்டிருந்தாள். ஏகாதசியன்று அந்த அடுப்பில் சாதம் ஏறுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஏகாதசிக்கு அரை நாள் லீவு போட்டேன். ஏழு மணிக்கு அம்மா, வாயில் பச்சைத் தண்ணீர் படாமல், சின்னக் குக்கரில் ஒரு பிடி அரிசி வைத்தாள். குழைய மசித்து, தயிர் விட்டு, கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“உன் கல்யாணம் ஆறப்ப ஆகட்டும். இதுக்கு வயித்தப் பொரட்டப்படாது.”

காலையில் தரை காய்ந்திருந்தது. புது வரிசையில் எழுதினேன்: மாலை ஏழு, தயிர் சாதம். பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்: நேரில் பார்த்தது.