பார்த்தாச்சு

அவளுக்குப் பயம் கூடவே பிறந்தது. நாய் என்றால் பயம், லிஃப்ட் என்றால் பயம். அடுப்பை அணைத்துவிட்டு வாசல்வரை வந்தவள், திரும்ப உள்ளே போய்த் கேஸ் குமிழைத் தொட்டுப் பார்க்காமல் செருப்பில் கால் வைக்க மாட்டாள். "உன்னோட ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினா, நாம போய்ச் சேர்றப்போ அவங்களுக்குக் குழந்தை பொறந்திருக்கும்" என்பார் கணவர்.

சிரிக்கட்டும். அவளுக்குச் சோறு போட்டதே அந்தப் பயம்தான். அரசாங்கம் பெரிய இயந்திரங்களை வாங்கும்போது, விற்கிறவர்கள் பக்கமும் வாங்குகிறவர்கள் பக்கமும் சாயாமல் நடுவில் நின்று சோதிக்கிற பிரிவு ஒன்று இருந்தது. அதில் அவள் பொறியாளர். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஊரே சத்தியம் செய்தாலும் "இன்னொரு தடவை" என்பாள். சோதனைத் திடலில் அவளுக்கு 'இன்னொருதடவை மேடம்' என்றே பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் அவள் காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டு.

அந்த இடத்தில் ஒரே ஒரு சொல்லை மட்டும் எல்லோரும் யோசித்து வாயில் எடுப்பார்கள். வீட்டில் 'பார்த்தாச்சு' என்றால் பார்த்தாயிற்று, அவ்வளவுதான். இங்கே சோதித்த பொறியாளர் 'பார்த்தாச்சு' என்றால் இயந்திரம் தேறிவிட்டது, வெளியே போகலாம் என்று அர்த்தம். கையெழுத்தெல்லாம் பிறகு ஆடி அசைந்து வரும். அதனால் அவள் காகிதத்தைப் பார்த்தால் "படிச்சேன்" என்பாள், சாப்பாட்டுக் கூடையைப் பார்த்தால்கூட "கண்ணுல பட்டுச்சு" என்பாள். அவ்வளவு ஜாக்கிரதை.

அந்த வருடம் வந்தது கூண்டு வண்டி. உயரமான கட்டடத்தில் தீப்பிடித்தால் ஆட்களை இறக்குவதற்காகத் தீயணைப்புத் துறைக்கு வாங்குகிற வண்டி. முதுகில் மடங்கியிருக்கும் இரும்புக் கை நீண்டு நீண்டு மேலே போகும். நுனியில் ஆள் நிற்கிற கூண்டு. முழுசாக நீண்டதும் உள்ளே எஃகு ஊசிகள் விழுந்து பூட்டிக்கொள்ளும். இறக்கும்போது ஊசிகள் விலகும். அப்போது மொத்தப் பாரத்தையும் தாங்குவது குழாய்க்குள் இருக்கிற எண்ணெயின் அழுத்தம் மட்டும்தான். விற்றவர்கள் எல்லாச் சோதனையையும் காலைக் குளிரிலேயே செய்து காட்டினார்கள். அவள் ஒருநாள் மத்தியானம் இறக்கச் சொன்னபோது கூண்டு லேசாகக் குலுங்கியது. எண்ணெய் சூட்டில் நீர்த்துவிட்டதா, அல்லது அவள் கண்தான் துடித்ததா? அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கமில்லை. காரணம் வண்டி மட்டுமல்ல. முதல் வண்டி போகவிருந்த நிலையத்தில் அவள் தம்பி தீயணைப்பு வீரன்.

வெயிலில் ஒரு சோதனை வைக்க அவள் நாள் கேட்டிருந்தாள். அதற்குள் விற்றவர்கள், தாங்களே வெயில் சோதனை செய்துவிட்டதாகக் காகிதம் அனுப்பினார்கள். பேருந்தில் நின்றபடி அதை அவள் படித்துக்கொண்டிருந்தபோது வண்டியை வாங்கும் பொறுப்பில் இருந்த திட்ட அதிகாரி போனில் வந்தார். கெட்டவர் இல்லை. போன கோடையில் மேல்மாடி ஒன்றில் மாட்டிக்கொண்டவர்களை எட்ட ஏணி இல்லாமல் போனதிலிருந்து அவருக்கு இந்த வண்டியே பேச்சும் மூச்சும்.

"வெயில் சோதனை, பார்த்தாச்சா மேடம்?"

ஒரே இரைச்சல். பக்கத்தில் ஒரு குழந்தை அலறிக்கொண்டிருந்தது. கையில் காகிதம் இருந்தது.

"பார்த்தாச்சு சார். ஆனா..."

போன் வைக்கப்பட்டுவிட்டது. அந்த 'ஆனா' அந்தப் பக்கம் போய்ச் சேரவே இல்லை. சொன்ன சொல் என்னவென்று அவளுக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் திடலுக்குப் போனால் வண்டி நிற்கிற இடம் காலி. காவல்காரர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"காலையிலயே ஓட்டிட்டுப் போயிட்டாங்களே மேடம். நீங்கதான் பார்த்தாச்சுன்னு சொன்னீங்களாமே."

அவள் திட்ட அதிகாரிக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. தம்பிக்குப் போட்டாள், அவனும் எடுக்கவில்லை. வாடகை வண்டி பிடித்து நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம் வாய்க்குள் அதே சொல் உருண்டுகொண்டிருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

நிலையத்து முற்றத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. புது வண்டியை வேடிக்கை பார்க்கச் சுற்றிலும் கூட்டம். இரும்புக் கை முழுசாக நீண்டு நின்றது. உச்சியில் கூண்டு. கூண்டில் இரண்டு பேர், ஒருவன் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஆட்டுகிற விதத்திலேயே யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இறக்கும் பிடியில் ஓட்டுநர் கை வைத்திருந்தார்.

"இறக்காதீங்க!"

அந்தக் குரல் அவளுக்கே புதிது. ஓட்டுநர் கையை எடுத்துவிட்டார். திட்ட அதிகாரி ஓடி வந்தார்.

"என்ன மேடம் இது? நீங்கதானே நேத்து..."

"நான் காகிதத்தைத்தான் பார்த்தேன் சார். வண்டியைப் பார்க்கல." அவள் இரும்புக் கையைக் காட்டினாள். "மேல நிக்கிற வரைக்கும் ஊசி பிடிச்சிருக்கும். இறக்கினா எண்ணெய் மட்டும்தான். இந்தச் சூட்டுல அது தாங்குமான்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாது."

ஏறி இறங்க அந்தக் கையில் படி கிடையாது. நிலையத்தின் பழைய ஏணி பாதி உயரம்கூட எட்டாது. ஆக, எண்ணெய் ஆறும்வரை அவர்கள் மேலேயே நிற்க வேண்டும். நிலையத் தலைவர் குழாயை எடுத்து எண்ணெய்த் தொட்டிமேல் தண்ணீர் பீய்ச்சச் சொன்னார். வாக்கிடாக்கியில் தம்பியின் குரல் வந்தது.

"கீழ கத்துறது எங்க அக்காவா? இங்கயும் வந்துட்டாளா? அடுப்பை அணைச்சிட்டு வந்தாளான்னு கேளுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பையில் வெப்பமானி இருந்தும், நொடிக்கொருதரம் உள்ளங்கையைத் தொட்டியின்மேல் வைத்து வைத்துப் பார்த்தாள். சுட்டது. மறுபடி வைத்தாள், சுட்டது. காற்று அடித்தபோதெல்லாம் மேலே கூண்டு அசைந்தது. பூட்டிய ஊசிகள் நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும், கணக்குப் போட்டவளே அவள்தான். ஆனாலும் நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. நேரம் ஆக ஆகத் தம்பியின் கிண்டல் குறைந்தது. பிறகு நின்றேபோனது. அந்த மௌனத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வந்த கூட்டம் முகத்தைச் சுளித்துக்கொண்டு கலைந்தது.

வெயில் தாழ்ந்து தொட்டி ஜில்லிட்ட பிறகு, "இறக்குங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். கூண்டு வெண்ணெய்போல வழுக்கி இறங்கியது. ஒரு குலுக்கல்கூட இல்லை.

"பார்த்தீங்களா? ஒண்ணும் ஆகல. என் மானம் போனதுதான் மிச்சம்" என்றார் திட்ட அதிகாரி.

தம்பி உதடு வெடித்து, முகம் கருத்து இறங்கி வந்தான். அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீர்க் குடத்தை நோக்கிப் போனான். அவளுக்கு அழுகை முட்டியது. தன் பயம் வெறும் பயம்தானோ?

"இன்னொரு தடவை சார். நாளைக்கு மத்தியானம். ஆளுக்குப் பதிலா மணல் மூட்டை."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மறுக்கவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் மணல் மூட்டைகள் மேலே போயின, ஒழுங்காக இறங்கின. மறுபடி போயின, மறுபடி இறங்கின. திட்ட அதிகாரி காரை நோக்கி நடக்க ஆரம்பித்தார். தம்பி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"இன்னொரு தடவை" என்றாள். குரல் வெளியே வரவில்லை; ஓட்டுநர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

அந்தத் தடவை ஊசிகள் விலகிய சத்தம் கேட்டது. அடுத்த சத்தம் கூண்டு தரையில் மோதியது. இரண்டுக்கும் நடுவே யாருக்கும் மூச்சு விடக்கூட நேரமில்லை. மூட்டைகள் கிழிந்து மணல் எல்லோர் காலடிவரைக்கும் தெறித்து வந்தது.

திட்ட அதிகாரி கார்க் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தம்பி மெல்ல வந்து அவள் பக்கத்தில் நின்றான். கால் பெருவிரலால் மணலைக் கிளறினான்.

"நேத்து முதல்ல ஏற எல்லாரும் பயந்தாங்கக்கா" என்றான். "நான்தான் சிரிச்சேன். எங்க அக்கா பார்த்தாச்சுன்னு சொல்லிட்டா, அப்புறம் என்னடா பயம்னு சொல்லிட்டு ஏறினேன்."

அவன் தோளில் சாய்ந்து அவள் அழுதாள்.

அந்த வண்டிகள் திரும்பிப் போயின. அவள் வேலையில் தொடர்ந்தாள். இன்றைக்கும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது கணவர் வாசலிலிருந்து கேட்பார், "அடுப்பைப் பார்த்தாச்சா?" அவள் பதில் சொல்ல மாட்டாள். உள்ளே போய் இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பாள்.