அம்மா சொன்னதாக நான் சொன்னது

நான் பொய் சொன்னேன். என் தாயைப் பற்றி என் மனைவியிடமும், என் மனைவியைப் பற்றி என் தாயிடமும் ஒரே நாளில், அரைமணி நேர இடைவெளியில், நாக்கூசாமல் சொன்னேன். அதுவும் அவர்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் உயிரை வைத்திருந்த காலத்தில்!

இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்... பார்த்தீர்களா, இங்கேயும் கோழைத்தனம்தான்.

என் மனைவி பெயர் கிரேஸ். கென்யாவில் கிசுமு என்ற ஏரிக்கரை நகரத்தைச் சேர்ந்தவள். மஸ்கட்டில் ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்தோம். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், நான் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவில். அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். என் தந்தை காலமானதும் தென்காசி வீட்டில் அம்மா தனியாகிவிட்டாள். "உன் அம்மாவோடு போய் இருப்போம்" என்று முதலில் சொன்னது நானல்ல, கிரேஸ்தான்! கைநிறையச் சம்பளம் தந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு சொல்கூடத் தெரியாத ஊருக்கு அவள் வந்தாள்.

வந்தது சாரல் காலம். துணி காயாது, மின்சாரம் நிலைக்காது. கடைத்தெருவில் நடந்தால் வியாபாரத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். சில பெண்கள் கேளாமலே அவள் தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். மாடியறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுத நாட்கள் உண்டு. அந்த நாட்களில் அவளுக்கு இந்த ஊரைப் பழக்கியது யார் என்கிறீர்கள்? நானா? இல்லை, அம்மா!

கிரேஸ் ஒருநாள் மக்காச்சோள மாவில் தன் ஊர் உகாலியைக் கிண்டி வைத்தாள். அம்மா ஒரு துண்டு கிள்ளி, கருவாட்டுக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டாள்.

"ஏலே, இது நம்ம களிலா! இதுக்கா இம்புட்டுப் பேரு வச்சிருக்கா ஒம் பொண்டாட்டி?"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் கிரேஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் வீட்டில் உகாலிதான்.

குற்றாலத்தில் பேரருவிக்கு அவளைக் கைபிடித்து அழைத்துப் போனதும் அம்மாதான். பெண்கள் பக்கத்திலிருந்து இருவரும் நடுங்கிக்கொண்டே வந்தார்கள். "தண்ணி அடிக்கிற அடியில எந்தலை பேய்த்தலையா போச்சு, இவளுக்கு ஒத்தப் பின்னல்கூடக் கலையலயே! எனக்கும் இப்படிப் பின்னி விடச் சொல்லுலே" என்றாள் அம்மா. அறுபத்திரண்டு வயது அவளுக்கு! கிரேஸ் மறுநாளே உட்காரவைத்துப் பின்னிவிட்டாள்.

இதற்குமேல் ஒரு மகனுக்கு என்ன வேண்டும்? எனக்கு வேண்டியிருந்தது. நாலு பேர் மெச்ச வேண்டியிருந்தது.

சிவகிரியில் ஒரு சொந்தக்காரர் திருமணம். என் பெரியப்பா மகன், காவல்துறையில் இருப்பவன், பந்தியில் எல்லோரும் கேட்கும்படி கேட்டான்: "ஏலே, கரண்டு போச்சுன்னா ஒம் பொண்டாட்டிய எங்கன போயித் தேடுத?"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆம், சிரித்தேன்! அவர் என்ன சொன்னார் என்று கிரேஸ் கேட்டாள். உன் சேலை நன்றாக இருக்கிறதாம் என்றேன். அவள் அவனைப் பார்த்துக் கைகூப்பி, அம்மா கற்றுக்கொடுத்தபடி, "ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி" என்றாள். மறுபடியும் சிரிப்பு. அந்த நேரத்தில் என் உடம்பில் ஓடியது ரத்தம்தானா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.

நான் மட்டும் என்ன நிறம்? அதே கறுப்பு. ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தால் ஊரெல்லாம் கூட்டிக் காட்டியிருக்க மாட்டேனா? காட்டியிருப்பேன்! இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் குலதெய்வம் வீரகேரளம்புதூர்ப் பக்கம் வயற்காட்டில் இருக்கும் சுடலைமாடன். ஆண்டுக்கொருமுறை கொடைவிழா. புதிதாக வந்த மருமகள் முதல் கொடையில் தன் கையால் பொங்கல் வைக்க வேண்டும். அடுப்பை மாமியார் பற்றவைத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பானை பொங்கிவிட்டால் அவள் அந்தக் கோயிலுக்கு உரியவள். அப்புறம் ஒருவரும் அவளை வேற்றாள் என்று சொல்ல முடியாது. எங்கள் வழக்கம் அது.

கொடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா கடைவீதிக்குப் போய் ஒரு புது வெண்கலப் பானையும் அரக்குக் கரை போட்ட மஞ்சள் சேலையும் வாங்கி வந்தாள். "அவகிட்ட வெவரமா எடுத்துச் சொல்லு. வெரதம் இருக்கணும்லா" என்றாள்.

நான் அங்கே யார் யார் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பெரியப்பா மகன் வருவான். அந்தப் பந்தி முழுவதும் வரும்...

"அவ வரலையாம்மா. அவளுக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல. கெடா வெட்டுறதப் பாக்க மாட்டாளாம். பொங்கலும் வைக்க மாட்டேன்னுட்டா."

அம்மா அந்த மஞ்சள் சேலையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு, "சரி, அவ அவ சாமி அவ அவளுக்கு. வம்பு பண்ணாத" என்று சேலையை மடித்து வைத்தாள்.

மாடிக்குப் போனேன். கிரேஸ் கொடையைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்தாள். எப்போது கிளம்ப வேண்டும் என்று ஆவலாகக் கேட்டாள். "நீ வர வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். வெளியாட்கள் பொங்கல் வைத்தால் சாமிக்கு ஆகாதாம். நீ இதை அவளிடம் கேட்டுவிடாதே, சங்கடப்படுவாள்" என்றேன்.

வெளியாட்கள்! அந்தச் சொல்லை என் தாயின் வாயில் நானே வைத்தேன்.

கோயிலில் எல்லோரும் கேட்டார்கள், மருமகள் எங்கே என்று. "அவளுக்கு மேலுக்குச் சுகமில்ல" என்று அம்மா கூசாமல் சொன்னாள். தன் சாமியை வேண்டாம் என்றவளாகத் தான் நினைத்த அந்தப் பெண்ணை, என் தாய் ஊர்வாயிலிருந்து காப்பாற்றினாள். நான் பக்கத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன்.

மறு ஆண்டும் அதே பொய்யைச் சொன்னேன். ஒருமுறை சொன்ன பிறகு அது எவ்வளவு எளிதாக வருகிறது தெரியுமா!

வீட்டில் செவ்வாய்க்கிழமை உகாலி நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, தானாக நின்றது. நடுவில் நின்று இருவருக்கும் மொழிபெயர்ப்பவன் நான் ஒருவன்தானே? ஆனால் கிரேஸ் சும்மா இருப்பவளல்ல. காய்காரியிடமும் பக்கத்து வீட்டிலும் பேசிப் பேசியே தமிழைப் பிடித்துவிட்டாள்.

சென்ற மாதம் ஒரு காலைப்பொழுது. அடுக்களையில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கிரேஸ் அம்மாவுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, நான் கோயிலுக்கு வரக்கூடாதுன்னு ஏன் சொன்னீங்க? நான் வெளியாளா?"

திக்கித் திக்கிக் கேட்டாள். ஆனால் தெளிவாகக் கேட்டாள்.

அம்மாவின் கை நின்றது. கிரேஸைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். ஒரே பார்வை! அவளுக்கு முழுவதும் விளங்கிவிட்டது. என்னைப் பெற்றவளுக்கு விளங்காதா?

வாயைத் திற, திற என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாக்கியம் போதும். 'அம்மா சொல்லவில்லை, நான் சொன்னேன்.' அவ்வளவுதான். நான் திறக்கவில்லை.

"ஆமாட்டி, நாந்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. "கிழட்டுப் புத்தி. வேற என்னத்தச் சொல்ல... மனசுல வச்சுக்காத."

கிரேஸ் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். அன்றைக்குப் பிறகு அவள் வாயில் 'அத்தை' வரவில்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு அறை கொடுத்திருந்தால் தாங்கியிருப்பேன்! கீரையைக் கையிலெடுத்துக்கொண்டு, என்னைப் பாராமலே, "அவ ஒன்ன நம்பி வந்தவ. ஒம்மேல உள்ள நம்பிக்கை போயிட்டுன்னா அவளுக்கு இங்கன யாரு இருக்கா? போ, வேலைக்கு நேரமாச்சு" என்றாள்.

அவள் காப்பாற்றியது என்னையல்ல, கிரேஸை என்பதை நான் விளங்கிக்கொள்ளவே இரண்டு நாள் ஆயிற்று. விளங்கியும் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

இப்போது புளியங்குடியில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறோம். கிரேஸ்தான் கேட்டாள்: "என்னை வெளியாள் என்று நினைப்பவரோடு இனி ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது." அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. அரிசி, பருப்பு, ஊறுகாய் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டி, எதில் என்ன இருக்கிறது என்று என்னிடம் சொல்லிக் கொடுத்தாள். எந்த அம்மாவுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்று கடல் கடந்து வந்தோமோ, அந்த அம்மா வரும் வெள்ளிக்கிழமை முதல் தனியாக இருப்பாள். கிரேஸிடம் உண்மையைச் சொல்ல இன்னும் மூன்று நாள் இருக்கிறது. சொல்வேனா? என்னை எனக்குத் தெரியும்...

நேற்று மாலை துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த கிரேஸ், சட்டென்று என் கைகளைப் பற்றிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தாள். "பெற்ற தாயை விட்டு எனக்காக வருகிறாய். இந்த ஊரில் என் பக்கம் நின்றவன் நீ ஒருவன்தான்" என்றாள்.

"உனக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?" என்றேன்.