மூன்று முறை கழித்துப் பார்ப்பவர்

கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுகிறார். வளையல் இரண்டையும் கழற்றுகிறார். நேரம் அளக்கும் ஸ்டாப்வாட்சைக் கைக்குட்டைக்குள் சுருட்டி மடியில் வைத்துக்கொள்கிறார்; பொத்தான் அழுத்தும் சத்தம் எதிரே இருக்கும் குழந்தையின் காதில் விழக்கூடாது. பிறகு ஏழு வயதுக்காரர்களுக்கென்று செய்த குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயை இடிக்க, மடங்கி உட்காருகிறார். கதவிலிருக்கும் கண்ணாடிச் சதுரம் வழியாக இதையெல்லாம் நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஆயிரம் என்பது கொஞ்சம் கூடத்தான். நான்கு புதன்கிழமைகள். அதிலும் ஒரு புதன்கிழமை கண்ணாடியில் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டார். உள்ளே இருந்த குழந்தை என் மூக்கைப் பார்த்துச் சிரித்ததாம்.

குழந்தைகளின் அறிவுத்திறனைச் சோதித்து அதற்கு ஓர் எண் போடுவது அவர் வேலை. படிக்கத் தடுமாறும் குழந்தைகளுக்கு அந்த எண் எவ்வளவு தூரம் பொருந்தும் என்று ஆராய்வது, அந்த வேலையின் மீதே சந்தேகப்பட்டு அவர் சேர்த்துக்கொண்ட இன்னொரு வேலை. ஐம்பதை நெருங்கும் வயது, நெடுநெடுவென்ற உயரம். சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளைக் கொடுத்து வடிவம் அடுக்கச் சொல்வதால் பிள்ளைகளுக்கு அவர் ‘கட்டை டீச்சர்’. “நான் டீச்சரே இல்லம்மா. யாருக்கும் எதுவும் சொல்லிக் குடுக்கறதில்ல. கேக்கறதோட சரி” என்று திருத்திப் பார்த்தார். யாரும் சட்டை செய்யவில்லை.

சரியான பதிலுக்கும் அவர் சொல்வது “சரி, அடுத்தது.” மகா தப்பான பதிலுக்கும் அதே “சரி, அடுத்தது.” குரல் ஏறாது, புருவம் அசையாது. “மூஞ்சில ஒரு கோடு விழுந்தாப் போதும், அத வச்சே பதில மாத்திடுவாங்க. எல்லாம் கில்லாடிங்க” என்பார். இருபத்திரண்டு வருடமாக இப்படியே இருந்து அந்த முகம் இஸ்திரி போட்ட போர்வை மாதிரி ஆகிவிட்டது. ஒருமுறை பக்கத்து அறையில் தீப்பிடித்துவிட்டது என்று ஒருவர் அலறிக்கொண்டு ஓடிவர, “சரி, அடுத்தது” என்றாராம். அந்தத் தீயை மூட்டியது என் வாய்தான். ஆனால் வரவேற்பறையில் இதைக் கேட்ட ஒருவர்கூட நம்ப மறுக்கவில்லை. முகம் எப்படிப்பட்டது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் இரண்டு பென்சில்கள் உண்டு. ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. தொடர்ந்து நான்கு பதில் தப்பானால் அந்தப் பகுதியை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. அவரும் நிறுத்துவார், கறுப்புப் பென்சிலைக் கீழே வைப்பார், பச்சையை எடுத்துக்கொண்டு மேலே கேட்பார். சுலபமான நான்கில் வழுக்கி விழுந்த பிள்ளை, அதற்கப்புறம் வரும் கஷ்டமான ஆறை அநாயாசமாகச் சொல்வதுண்டு. “பச்சை கணக்குல சேராதும்மா. ஆனா என் சொத்து அதான்.” அந்தச் சொத்து ஓர் இரும்பு அலமாரி நிறைய இருக்கிறது. இதைப் பற்றிப் பேச ஒரு மாநாட்டில் அவருக்குப் பன்னிரண்டு நிமிடம் கொடுத்தார்கள். பதினொரு நிமிடம் திரையில் படம் வரவில்லை. மிச்சமிருந்த நிமிடத்தில் பச்சைத் தாள் ஒன்றைத் தூக்கிக் காட்டிவிட்டு இறங்கிவிட்டார். “மூணு பேர் பின்னாலயே வந்து விசாரிச்சாங்க. போதாதா?”

எங்கள் வீட்டுப் பொடிசை அவரிடம் கூட்டிப்போனது ஓர் எண்ணால். பொடிசு என் மகள் வயிற்றுப் பேத்தி. காதால் கேட்டதை ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லுவாள். பொய் சொன்னால் எனக்கே பொறாமை வரும். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வரிக்கு வரி முட்டிக்கொண்டு நிற்பாள். வேறொரு நிலையத்தில் அவளைச் சோதித்து அறுபத்தாறு என்று எழுதிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் கோடு கிழித்த இடம் எழுபது. எழுபதுக்கு மேல் என்றால் அதே வகுப்பு, தனியாகக் கொஞ்சம் உதவி, பரீட்சையில் கூடுதல் நேரம். கீழே என்றால் ஊரின் மறுகோடியில் இருக்கும் தனிப்பள்ளி. இப்படிச் சொல்லிப் பள்ளிக்கூடம் அனுப்பிய கடிதத்தை என் மகள் மடித்து மடித்துப் பிரித்ததில் மடிப்பிலேயே கிழிந்துபோயிற்று.

“நீங்களே இன்னொரு தடவ அந்தச் சோதனைய வச்சுப் பாருங்க” என்று கெஞ்சினாள்.

“அதே சோதனைய ஒரு வருஷத்துக்குள்ள திருப்பி வைக்கக்கூடாதும்மா. கட்டைய எப்படித் திருப்பினோம்னு கைக்கு ஞாபகம் இருக்கும். வர்ற மார்க்கு நெசமா இருக்காது.”

“கொஞ்சம் கண்ண மூடிக்கிறது. யாருக்குத் தெரியப்போவுது?” என்று நான் நுழைந்தேன்.

“எனக்குத் தெரியுமே” என்றார், கோபமில்லாமல். “பழைய விடைத்தாள் முழுசையும் வாங்கிட்டு வாங்க. எண்ண மட்டும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?”

மகள் மூன்று நடை நடந்து அதை வாங்கினாள். நான்காவது புதன்கிழமை, பொடிசு மூலையில் தரையில் உட்கார்ந்து பென்சில் சீவல்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்க, கட்டை டீச்சர் தாளைப் பிரித்தார். முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை.

“கொழந்த பொறந்த தேதி என்ன?”

“அதுலயே போட்டிருக்கே” என்றேன்.

“நீங்க வாயால சொல்லுங்க.”

மகள் சொன்னாள். அவர் பழைய உறை ஒன்றின் முதுகில் சோதித்த தேதியை மேலே எழுதி, பிறந்த தேதியைக் கீழே எழுதிக் கழித்தார். மறுபடி கழித்தார். மூன்றாம் முறை விரல் விட்டார்.

“இவ்வளவு படிச்சவங்க, விரல் விட்டா எண்ணுவீங்க?” என்றேன்.

“படிச்சதனாலதாம்மா. ஆரம்பத்துல ஒரு தடவ நான் ஒரு வருஷம் கூட்டிப் போட்டுட்டேன். ஒரு புள்ள அந்த வருஷம் பூரா தப்பான வகுப்புல உக்காந்துச்சு. அதுலேருந்து மூணு தடவ.”

அந்த நிலையத்தில் வருடத்திலிருந்து வருடத்தைக் கழித்து ஒன்பது வயது என்று போட்டிருந்தார்கள். சோதித்தது மார்ச். அவள் பிறந்தது நவம்பர். பிறந்தநாள் வருவதற்கே இன்னும் எட்டு மாதம் இருந்தது.

“எட்டு வயசு நாலு மாசம். இவள ஒரு வருஷம் பெரிய புள்ளைங்களோட நிக்க வச்சு அளந்திருக்காங்க.”

தடித்த அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டி, எட்டு வயதுப் பக்கத்தில் அளவுகோலை வைத்து, வரி வரியாக இறக்கினார். கூட்டினார். அறுபத்தாறை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுபத்தாறு என்று எழுதினார். நாற்காலி இருந்தும் என் மகள் தரையில் பொடிசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“மேலயா?”

“மேலதான்.”

“ஒரு கழித்தலுக்குப் பத்தா! இன்னும் நாலு தடவ கழிங்க, மேதை ஆயிடுவா” என்றேன்.

“ஒண்ணும் கூடலம்மா. அவ இருந்த மாதிரியேதான் இருக்கா. அளவுதான் தப்பு.” உறையை மடித்தார். “இந்த எழுபத்தாறையும் தலைல தூக்கி வச்சு ஆடாதீங்க. கேட்டுச் சொல்றதுல பறக்கறா, பாத்து எழுதறதுல தவழறா. ஒரு காலுக்கு ஆறாம் நம்பர் செருப்பு, இன்னொண்ணுக்குப் பத்து. சராசரி எட்டுன்னு ரெண்டுக்கும் எட்டு வாங்கிக் குடுத்தா நடப்பாளா? படிக்க அவளுக்குத் தனியா சொல்லித்தான் குடுக்கணும். அதையும் எழுதித் தர்றேன்.”

அங்கேயே அந்த நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார். “தப்புன்னு நான் சொல்லலீங்க. கழிச்சு மட்டும் பாருங்க.” மறுமுனையில் தாள் புரட்டும் சத்தமும், அதற்கப்புறம் மன்னிப்புக் கேட்பதும் எங்களுக்கே கேட்டது. திருத்திய அறிக்கை அந்த வாரமே வந்தது. பொடிசு அதே வகுப்பில், அதே பெஞ்சில் இருக்கிறாள். அன்று திரும்பும் பேருந்தில் என் மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். கடிதம் வந்த நாளிலிருந்து அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சித்திரம் நிறையாது. தொலைபேசியை வைத்த கையோடு, இருபத்திரண்டு வருடமாகக் கோடு விழாத அந்த முகம் நெகிழ்ந்தது. கட்டை டீச்சரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துளி என்றா நினைத்தீர்கள், வாய்க்கால்.

இதை எழுதி முடித்துப் பொடிசுக்கு வாசித்துக் காட்டினேன். வாய்க்கால் வந்ததும் அவள் தாளின் மேல் கையை வைத்தாள்.

“அவங்க எங்க அழுதாங்க, பாட்டி? கொட்டாவிதான் விட்டாங்க. அழுதது நீ. டிஷ்யூ பெட்டிய ஒன் பக்கம் தள்ளி வச்சிட்டு, நீ முடிக்கிற வரைக்கும் அவங்க ஜன்னலுக்கு வெளியவே பாத்துட்டு இருந்தாங்க.”