கியரில் போடாத வண்டி

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக என்னைத் தண்டித்தார்கள். அதில் குடித்தது உண்மை, வண்டியும் உண்மை. ஓட்டியது மட்டும் பொய்.

என் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. ஊரில் எல்லோருக்கும் நான் மாஸ்டர். என் வண்டியில் ஸ்டியரிங் இருக்கும் பக்கம் மூன்று பெடல், நான் உட்காரும் பக்கம் பிரேக்கும் கிளட்சுமாக இரண்டு பெடல். ஸ்டியரிங் இல்லாமல் வெறும் காலை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவனுக்கு வாய்தான் நீளும். எனக்கு நீண்டது கொஞ்சநஞ்சமில்லை. என்னிடம் கற்றுக்கொண்டவர்கள் லைசென்ஸ் வாங்கிய பிறகு என்னைக் கண்டால் ஹாரன் அடிப்பார்கள். மரியாதைக்கு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் ஒரு விருந்து. ஊரின் அந்தக் கோடியில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் நண்பன் புது வண்டி வாங்கியிருந்தான். வயிற்றெரிச்சலை அடக்க நான் நன்றாகவே குடித்தேன். கிளம்பும்போது என் மனைவி கையை நீட்டினாள்.

"சாவியக் கொடுங்க. நான் ஓட்டுறேன்."

அவளிடம் இருந்தது பழகுநர் லைசென்ஸ்தான். ஊருக்கே கற்றுக்கொடுத்த எனக்கு வீட்டில் மட்டும் பாடம் ஏறவில்லை. டெஸ்டுக்குப் போவதும் அழுதுகொண்டு வருவதுமாக இருந்தாள். வேறு வழியில்லாமல் கொடுத்தேன். என் இடத்தில் உட்கார்ந்தேன், உட்கார்ந்த கையோடு தூங்கிவிட்டேன்.

நான் தூங்கியதால் அவள் நன்றாக ஓட்டினாள். சந்தைத் தெரு, ரவுண்டானா, தண்ணி லாரி, பள்ளிக்கூடம் விடுகிற நேரம், எல்லாவற்றையும் தாண்டி ரயில்வே பாலத்துக்கு வந்துவிட்டாள். ஏற்றத்தில் முன்னால் போன பஸ் நின்றது. இவளும் நிறுத்தினாள், வண்டி அணைந்தது. அந்தக் குலுக்கலில் எனக்கு முழிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது.

"கிளட்ச மிதி! கிளட்சுன்னா காலுக்குக் கீழ இருக்கிறது, தலைக்கு மேல இல்ல! எத்தனை தடவை சொல்றது? உனக்குச் சொல்லிக் கொடுத்த நேரத்துல ஒரு மரத்துக்குச் சொல்லியிருந்தா அது ஓட்டிட்டுப் போயிருக்கும்!"

அவள் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள், ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், இறங்கினாள், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள், போய்விட்டாள். அறைந்து சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் அழகுக்கு இருந்தது. கேபிள் தளர்ந்து பல மாதம் ஆகிறது, என் கால் இருக்கிறதே என்று விட்டுவைத்திருந்தேன். வண்டி பின்னால் நழுவியது. என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். மிதித்தவன் மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். இந்தத் தடவை எனக்குக் காரணம் புரிந்தது.

ஒரு போக்குவரத்துக் காவலர் வந்தார். மோட்டார் சைக்கிளைச் சரியாக என் வண்டிக்குப் பின்னால் நிறுத்தினார்.

"இறங்குய்யா."

"இறங்க முடியாது சார்."

"ஏன்?"

"காலை எடுத்தா வண்டி போயிடும்."

அவர் ஜன்னலுக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்தார். "குடிச்சிருக்கியா?"

"அது வேற விஷயம் சார்."

"யாரு ஓட்டிட்டு வந்தது?"

பெண்டாட்டி நடுரோட்டில் இறங்கிப் போய்விட்டாள் என்று மாஸ்டர் சொல்ல முடியுமா? சட்டையில் ஸ்கூல் பெயர் வேறு தைத்திருக்கிறது. நெஞ்சை நிமிர்த்தி ஒன்று சொன்னேன். "இந்த வண்டிய என்னைத் தவிர எவராலயும் ஓட்ட முடியாது சார்."

"இறங்குன்னா இறங்கு!"

இறங்கினேன். வண்டியும் கிளம்பியது. அவசரமே இல்லாமல் பின்னால் போய் அவர் மோட்டார் சைக்கிளைப் படுக்க வைத்துவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றது. எனக்கோ கால் மரத்துப்போய் இரண்டு எட்டு வைப்பதற்குள் நடனமாகிவிட்டது. ஊதிக் காட்டும் கருவியை எடுத்தார். அதில் சார்ஜ் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. நடனத்தைப் பார்த்ததே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

கீழ்க்கோர்ட்டில் இரண்டே சாட்சி. காவலர் வந்து வாடை, சிவந்த கண், தள்ளாட்டம், நான் விட்ட வீராப்பு, தன் மோட்டார் சைக்கிளின் கதி எல்லாவற்றையும் சொன்னார். இன்னொருவர் பாலத்தடியில் மளிகைக் கடை வைத்திருப்பவர், என் பழைய மாணவர். நான் தள்ளாடியதைக் கண்ணால் பார்த்தேன் என்றார். ஏதாவது கேட்க வேண்டுமே என்று அப்போதைய என் வக்கீல், "இவர் வழக்கமா எப்படி நடப்பார்?" என்று கேட்டு வைத்தார்.

"மாஸ்டரா? எப்பவுமே அப்படித்தான் நடப்பாரு. கண்ணும் எப்பவும் சிவப்புதான். குடிக்காத அன்னிக்கு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி கத்துவாரு."

கோர்ட்டே சிரித்தது. என்னைத் தவிர. குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அபராதம்கூடப் பெரிதில்லை. தீர்ப்பு நிலைத்தால் கற்றுக்கொடுக்கும் உரிமம் ரத்து. அது போனால் ஸ்கூல் போகும். கத்துவதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது.

என் மனைவி சாட்சி சொல்ல வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். உன்மேலும் கேஸ் போட்டுவிடுவார்கள், உன்னைக் காப்பாற்றத்தான் இந்தப் பாடு என்றேன். அது கால்வாசிதான் உண்மை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவள் வண்டியைத் தொடவில்லை. டெஸ்ட் பேச்சையும் எடுக்கவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு நினைக்கத் தெரிந்தது அவ்வளவுதான்.

மேல்முறையீட்டுக்கு வேறு வக்கீலைப் பிடித்தேன். என் வயதில் பாதி இருக்கும் அந்தம்மா. கேஸ் கட்டை முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சார், இனிமே புதுக் கதை எல்லாம் எடுபடாது. அங்க என்ன பதிவாயிருக்கோ அதுதான். அதை வெச்சு உங்களைத் தண்டிக்கப் போதுமா, போதாதா? அவ்வளவுதான் கேள்வி. நீங்க நல்லவரான்னு யாரும் பார்க்கப்போறதில்ல."

"அப்பாடா" என்றேன்.

"ஆனா ஒண்ணு. நான் பேசும்போது நீங்க குறுக்க பேசக் கூடாது. உங்களைப் பத்திக் கேள்விப்பட்டேன்."

விசாரணை அன்று மனைவியும் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். வக்கீலம்மா எழுந்து என் மானத்தை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். தள்ளாட்டமா, இவர் நடையே அதுதான், அரசுத் தரப்புச் சாட்சியே சொல்லியிருக்கிறார். சிவந்த கண்ணா, பிறவிக் கண். கத்தலா, அது இவர் தொழில். வாடை மட்டும்தான் மிச்சம், எவ்வளவு குடித்தார் என்பதை ஒரு மூக்கு அளக்க முடியாது. வண்டி நகர்ந்ததா, இறங்கச் சொன்னார்கள், இறங்கினார், ஓட்டியது பாலத்தின் சரிவு. ஸ்டியரிங் இல்லாத இருக்கையில் இருந்தவர் அதுவரை ஓட்டி வந்தார் என்று பார்த்தவர் யாராவது உண்டா?

"அவரே சொல்லியிருக்காரே" என்றார் அரசு வக்கீல். "தன்னைத் தவிர யாராலயும் ஓட்ட முடியாதுன்னு."

"அது வாக்குமூலம் இல்லீங்க, விளம்பரம். டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கிறவர் வேற எப்படிப் பேசுவார்? 'நான் ஓட்டினேன்'னு அவர் எங்கயும் சொல்லல."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணு புரியல. ஹேண்ட் பிரேக் பிடிக்கல. சரி. இவர் பக்கத்துலயே கிளட்ச் இருக்கு, கியர் கைக்கு எட்டுது. முதல் கியர்ல போட்டிருந்தா வண்டி நின்னிருக்குமே? நிதானத்துல இருக்கிற ஒரு மாஸ்டர் ஏன் அதைச் செய்யல?"

ஏற்றத்தில் பிரேக் இல்லாவிட்டால் கியரில் போடு என்பது நான் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம். காவலரும் மளிகைக் கடைக்காரரும் சேர்ந்து சொன்னதைவிட இது ஒன்று பெரிய ஆதாரம். இதைக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றாமல் போனதால்தான் பிழைத்திருந்தேன். எனக்கு நாக்கு துடித்தது. வக்கீலம்மா திரும்பாமலேயே பின்பக்கம் கையை நீட்டி என்னை அடக்கினார்.

"நியாயமான கேள்விதான் ஐயா. ஆனா கீழ்க்கோர்ட்ல எந்தச் சாட்சிகிட்டயும் கியரைப் பத்தி யாரும் கேட்கல. வண்டி எந்தக் கியர்ல இருந்ததுன்னு பதிவே இல்ல. இல்லாததை வெச்சு இவரைத் தண்டிக்க முடியாது."

அரசு வக்கீல் கட்டைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

மதியம் தீர்ப்பு. வண்டியை ஓட்டி வந்தது இவர்தான் என்பதற்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் இல்லை, தண்டனை ரத்து. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வக்கீலம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். என் மனைவி தூண் ஓரமாக நின்றிருந்தாள்.

"உரிமம் போகல! ஸ்கூல் தப்பிச்சுது!"

"கேட்டேன்" என்றாள். "அவர் கேட்டாரே, கியர்ல ஏன் போடலைன்னு. ஏன்?"

கோர்ட்டில் சொல்ல முடியாததை அவளிடம் சொல்வதில் என்ன? "நீ கோவம் ஆறினதும் திரும்பி வருவேன்னு பார்த்தேன். நீதான் கிளட்ச் மிதிக்காம ஸ்டார்ட் பண்ணுவியே. கியர்ல இருந்தா வண்டி எகிறும். உனக்கு அடிபட்டா? அதான் நியூட்ரல்லயே பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் முகம் ஒரு நொடி இளகியது. பிறகு பழையபடி ஆனது.

"வந்தேங்க. எதிர்ப் பக்கம் பஸ் ஸ்டாப்லதான் நின்னுட்டிருந்தேன். போலீஸைப் பார்த்ததும் ஓடி வந்தேன், நான்தான் ஓட்டினேன்னு சொல்றதுக்கு. வண்டிக்குப் பின்னால வரைக்கும் வந்துட்டேன். அப்பத்தான் நீங்க அவர்கிட்ட அதைச் சொன்னீங்க."

"எதை?"

"உங்களைத் தவிர எவராலயும் ஓட்ட முடியாதுன்னு. ஊரோட அந்தக் கோடியிலேர்ந்து நான் ஓட்டிட்டு வந்து அரை மணி நேரம்கூட ஆகலை. அப்படியே திரும்பிட்டேன்."

ஊருக்கே கேட்கக் கத்துகிறவன் குரலைத் தாழ்த்தினேன். "அது சும்மா வாய்க்கு வந்தது. இப்பக்கூட அந்தம்மா சொன்னாங்களே, விளம்பரம்னு. ஜட்ஜே அதைத் தள்ளிட்டாரே."

"உங்களைத் தண்டிக்க அவருக்கு அது போதல" என்றாள் அவள், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே. "எனக்குப் போதுமா இருந்துச்சு."