துல்லியத்தின் வலது கண்

டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் திரையில் நிறம் சரிசெய்து கொடுப்பது அவர் தொழில். அதற்கென்று கருவி விற்கிறது. வாங்கச் சொன்னால் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கண்ணு எதுக்கு இருக்கு?" என்பார். அறையை இருட்டாக்கி, திரையில் வெறும் வெள்ளையை வரவழைத்து, காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்து, நீலத்தைக் கொஞ்சம் ஏற்றி, "இனிமே யாரும் தொடாதீங்க" என்று எழுந்துகொள்வார். ஊர் வைத்த பட்டப்பெயர் துல்லியம். கிண்டலுக்கு வைத்தது; அவர் விருதாக வாங்கிக்கொண்டார்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கண்ணில் புரை. வலது கண் ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்த அன்று, மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிவியில் செய்தி பார்த்தார்.

"இந்தாளுக்கு மூச்சு முட்டுதா? மூஞ்சி ஏன் நீலம் பாரிச்சுக் கிடக்கு?"

"அவரு ரொம்ப நாளா அப்படித்தான் இருக்காரு," என்றாள் மனைவி, பட்டாணி உரித்தபடி.

"ஏன் சொல்லல?"

"ரிமோட்டைத் தொட்டா கையை ஒடிப்பேன்னது யாரு? நீங்க வச்சது சரியாத்தான் இருக்கும், அவருக்குத்தான் ஏதோ சீக்குன்னு விட்டுட்டேன்."

வலது கண்ணை மூடினார். செய்திக்காரர் பிழைத்துக்கொண்டார். இடதை மூடினார். மறுபடியும் நீலம். இப்படி மாறி மாறிக் கண்ணடித்ததைப் பார்த்து மனைவி தள்ளி உட்கார்ந்தாள்.

டாக்டர் சொன்னது இப்போதுதான் உறைத்தது. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் பழுப்பேறினால் நீலம் உள்ளே குறைவாகத்தான் வரும். மெல்ல நடப்பதால் ஆளுக்கே தெரியாது. அந்தக் குறையைத்தான் இவர் ஊர்த் திரைகளில் எல்லாம் ஈடுகட்டியிருக்கிறார்.

உடனே ஊரில் போட்டோ ஸ்டூடியோ நடத்தும் அக்கா நினைவுக்கு வந்தார். ஸ்டூடியோ அக்கா இவர் வைத்த திரையைப் பார்த்துத்தான் கல்யாணப் படங்களைத் திருத்துவார். திரை நீலமாயிருந்தால் மஞ்சளைக் கூட்டுவார். கூட்டியும் இருந்தார். அச்சில் மாப்பிள்ளை, பொண்ணு, சம்பந்தி எல்லாருக்கும் காமாலை. கேட்டபோதெல்லாம் "பிரின்டர் மை சரியில்லக்கா" என்றே சொல்லிவந்தார் துல்லியம். அந்த அக்கா சொல்லித்தான் பாதி ஊர் இவரைக் கூப்பிடுகிறது. உண்மை தெரிந்தால் பேர் காலி.

"கலரை நைசா மாத்திட்டு வந்துடுங்களேன்," என்றாள் மனைவி. மறுநாள் அதே திட்டத்தோடுதான் கிளம்பினார்.

ஸ்டூடியோவில் ஒரு அம்மா படத்தை நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "எம்பொண்ணு இந்தக் கலரா?"

"மைதாம்மா கோளாறு. இன்னிக்கே மை குடுக்கிறவரை மாத்திடுறேன்," என்றார் அக்கா.

திட்டம் வாசலிலேயே செத்தது. "அக்கா, அவரை விட்டுடுங்க. மை நல்ல மை. கோளாறு என் கண்ணுல," என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அக்கா முறைத்தார். "அப்ப இத்தனை நாளா அவரைத் திட்டுனது?"

"எனக்கு வர வேண்டியதுக்கா."

"சேர்த்து வாங்கிக்கலாம். முதல்ல உக்காந்து இதைச் சரிபண்ணுங்க."

"இடது கண்ணு இன்னும் பழசுதான். எதை நம்புறதுன்னு எனக்கே தெரியல."

"பட்டனை நீங்க அமுக்குங்க. நான் பாக்கறேன்."

அந்தப் பொண்ணின் மஞ்சள் கூட்டாத அசல் படத்தை அக்கா திரையில் வரவழைத்தார். நீலம் மெல்ல இறங்கியது. சண்டைக்கு வந்த அம்மாவும் எட்டிப் பார்த்தார். "நில்லுங்க. இவதான் எம்பொண்ணு."

"போதும்," என்றார் அக்கா.

"இன்னும் ஒரே ஒரு..."

"போதும்னா போதும், துல்லியம்."

வாழ்க்கையில் முதல்முறையாக அடுத்தவர் சொன்ன இடத்தில் நிறுத்தினார். விரல் மட்டும் கேட்பதாயில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.