கலியாண மண்டபத்து நெட்வேர்க்காரி

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிற அந்தக் கலியாண மண்டபத்தில் நிரோஷாவை வேலைக்கு எடுத்தது தொலைபேசிக்குப் பதில் சொல்லத்தான். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கியிருந்தவள். நெட்வேர்க்குக்கும் அவளுக்கும் அன்று ஒரு சம்பந்தமும் இல்லை. இன்டர்நெட் தருகிற ரவுட்டர் பெட்டி அவளுடைய மேசைக்குக் கீழே இருந்தது, அவ்வளவுதான் தகுதி. இணைப்பு நின்றால், பெட்டியை ஒருக்கால் நிற்பாட்டிப் போடச் சொல்வார் மண்டபத்து முதலாளி தியாகராசா. அவள் குனிந்து நிற்பாட்டிப் போடுவாள். இப்படிக் குனிந்து குனிந்தே ஆறு மாதத்தில் மண்டபத்தின் நெட்வேர்க் பொறுப்பாளர் ஆகிவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, பொறுப்பு லேசுப்பட்டதல்ல. இந்தக் காலத்து யாழ்ப்பாணத்தார் கலியாணத்தில் ஐயர் பிந்தினால் பொறுப்பார்கள், லைவ் பிந்தினால் பொறுக்கமாட்டார்கள். மண்டபத்துக்குள் நானூறு பேர் என்றால், டொரொன்டோ, லண்டன், மெல்பேர்ன் என்று வெளியே எண்ணூறு பேர் போனை வைத்துக்கொண்டு குந்தியிருப்பார்கள். மணமகளின் கூறைச்சேலை என்ன நிறம், சித்தப்பா ஏன் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

முதல் தடவை லைவ் நின்றது சனத்தால். இணைப்புக்கு வருகிற ஒவ்வொரு கருவிக்கும் பெட்டி ஓர் இலக்கம் கொடுக்கும், அதுவும் நூறு பேருக்குத்தான் என்பது அவளுக்குத் தெரியாது. சமையல்காரர், மேளக்காரர், வெள்ளனவே வந்து குந்திய மாமாமார் என்று நூறு பேரும் வைஃபையில் ஏறிவிட்டார்கள். படம் அனுப்புகிற கொம்பியூட்டருக்கு இலக்கமே மிச்சமில்லை. இரண்டாம் தடவை ஒரு பெரியவர் தன் போனுக்குச் சார்ஜ் போடவென்று ரவுட்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டார். அதன் பிறகு பிளக்கைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, தொடவேண்டாம் என்று மூன்று மொழியிலும் எழுதிவைத்தாள். தியாகராசாவோ, இன்னொரு தரம் நின்றால் வேலையைக் கல்கிசையிலுள்ள கொம்பனி ஒன்றிடம் கொடுத்துவிடுவேன், நீர் திரும்பவும் போனோடு இரும் என்று சொல்லிவிட்டார்.

நிரோஷாவுக்கோ இந்த வேலை பிடித்துப்போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று எங்கே அறுந்தது என்று யோசித்து யோசித்துப் பிடிக்கிறபோது வருகிற சந்தோஷம், வேறு எதிலும் அவளுக்கு வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை ஒருவரும் கலியாணம் வைக்கமாட்டார்கள். அந்தச் செவ்வாயைப் பிடித்து மருதானையில் ஒரு நெட்வேர்க் வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாள் வகுப்பில் சொன்னதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

அப்படியிருக்கத்தான் மிதுனாவின் கலியாணம் வந்தது.

மணமகளின் அப்பா பரராஜசிங்கம் டொரொன்டோவில் இருந்தார். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்து இரண்டு கிழமை, விமானத்தில் ஏறக்கூடாது என்று டொக்டர் மறித்துவிட்டார். தாய் பாலேஸ்வரியும் அண்ணன் ஹரிசனும் மட்டும் வந்திருந்தார்கள். காலையிலேயே பாலேஸ்வரி அலுவலக அறைக்கு வந்து நிரோஷாவின் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, மற்றவை பாக்காட்டிலும் பரவாயில்லை. அவர் தாலி கட்டுறதைப் பாக்கவேணும்."

முகூர்த்தம் பத்து எட்டு முதல் பத்து நாற்பத்துநான்கு வரை. ஒன்பதரைக்கு எல்லாம் சோக்காகப் போய்க்கொண்டிருந்தது. பத்துக்குப் பத்து நிமிடம் இருக்க, வீடியோக்காரர் நப்ரீஸ் ஓடிவந்து படம் போகுதில்லை என்றார். பின்னாலேயே பாலேஸ்வரி, காதில் போனோடு. அந்தப் பக்கம் பரராஜசிங்கம், கூறை கொடுத்ததோடு படம் நின்றுவிட்டது என்று தவித்துக்கொண்டிருந்தார்.

நிரோஷா குனிந்து பார்த்தாள். பிளக் ஒட்டினபடி இருந்தது. விளக்கெல்லாம் எரிந்தது. இலக்கமும் தாராளமாக மிச்சம். தன் கொம்பியூட்டரிலிருந்து, ரவுட்டரே இருக்கிறாயா என்று கேட்டுப்பார்த்தாள். இருக்கிறேன் என்று பதில் வந்தது. ஆனால் அதற்கு அப்பால் ஓரடி போக முடியவில்லை. கல்கிசைக் கொம்பனியின் வான் வாசலில் வந்து நிற்பதுபோலவே இருந்தது அவளுக்கு.

அப்போதுதான் ஒன்று பட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் தொழிற்சாலையில் இடுகிற மாறாத இலக்கம் ஒன்று உண்டு. தன் பெட்டியின் இலக்கத்தை எழுதி மேசையில் ஒட்டிவைத்திருந்தாள். பதில் சொன்ன பெட்டியின் இலக்கம் அதுவல்ல. மண்டபத்துக்குள் வேறொரு பெட்டி, நான்தான் ரவுட்டர் என்று சொல்லிக்கொண்டு எங்கேயோ இருக்கிறது. தாய்மாமன் நான்தான் என்று இரண்டு பேர் வந்து நின்றால் மாலையை யாருக்குப் போடுவது? கொம்பியூட்டர் பாவம், இவ்வளவு நேரமும் சரியான மாமனுக்குப் போட்டுவிட்டு, இப்போது பிழையான மாமனுக்குப் போட்டுக்கொண்டிருந்தது. போனை எடுத்து அக்கம்பக்கத்து வைஃபைப் பெயர்களைப் பார்த்தாள். புதிதாக ஒன்று முளைத்திருந்தது. ஹரிசன் கனடா.

ஆள் பிடிபட்டான், ஆனால் கூப்பிடத்தான் வழியில்லை. யாழ்ப்பாணத்தார் வழக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன் மணமகளின் சகோதரனல்லவா? தலைப்பாகையும் பட்டு வேட்டியுமாக, மணவறையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்தான். தாலி ஏறும்வரை எழும்ப முடியாது. நிரோஷா செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினாள். தலைப்பாகையைச் சரிசெய்கிறவள்போலக் குனிந்து, பெட்டி எங்கே என்று அவன் காதுக்குள் கேட்டாள்.

கனடாக்காரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இங்கத்தைப் பெட்டியில் நம்பிக்கையில்லை, அப்பா வடிவாகப் பார்க்கட்டும் என்று காலையிலேயே தானே கொண்டுவந்து மணவறை ஓரத்தில் வைத்து, வயரைப் பின்னால் சுவரில் குத்திவிட்டானாம். அவள் ஓரத்தை எட்டிப் பார்த்தாள். பெட்டியைக் காணவில்லை. படத்தில் வடிவில்லாமல் விழும் என்று யாரோ ஒரு மாமி அதைச் சிவப்புப் பட்டால் மூடியிருக்கிறார். நல்ல உயரமாக இருக்கிறதே என்று அதன்மேல் கும்பம் ஒன்றும் வைத்தாயிற்று. ஐயர் அதற்கு மந்திரமும் சொல்லி முடித்துவிட்டார். அவள் கை நீள்வதைக் கண்டதும் ஐயருக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"கும்பத்தை அசைக்கப்படாது, பிள்ளை."

சரி, கும்பத்தைத் தொடவேண்டாம், வயரைத் தொடலாம்தானே. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மணவறை அலங்காரத்துக்கும் சுவருக்கும் இடையில் தவழ்ந்தாள். சுவரில் இரண்டு வயர், இரண்டும் நீலம். ஒன்று நப்ரீஸின் கொம்பியூட்டருக்குப் போவது, மற்றது கனடா. இரண்டையும் இழுத்தெறிய ஆசை வந்தது. கொப்பியின் முதல் பக்கம் நினைவுக்கு வந்து, ஒன்றை மட்டும் கழற்றினாள். கீழே நின்ற நப்ரீஸ் இரண்டு கையையும் விரித்து, இருந்ததும் போய்விட்டது என்று காட்டினார். திரும்பக் குத்தினாள். அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம் முழங்கியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மற்ற வயரைப் பிடுங்கினாள்.

சனம் முழுக்க எழும்பி அறுகரிசி போட்டது. அரைவாசி மிதுனாவின் தலையிலும் அரைவாசி பின்னால் நாலு காலில் நின்ற நிரோஷாவின் தலையிலும் விழுந்தது. நப்ரீஸ் எங்கே நிற்கிறார் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. சேலை ஆணியில் மாட்டிக்கொண்டதில், வெளியே வரவே நேரம் எடுத்தது.

அலுவலக அறைக்குப் போனால் தியாகராசா போனைக் காதில் வைத்தபடி நின்றார். மூன்றாவது தரம் என்றார். கல்கிசைக்கு மணி போய்க்கொண்டிருந்தது. நிரோஷா வாய் திறக்குமுன் பாலேஸ்வரி போனை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் ஹரிசன், தலைப்பாகையோடு, பேயறைந்த முகத்தோடு. நடந்தது அவனுக்கு விளங்கிவிட்டது. சொல்லிப்போடாதே என்று அவன் கண்ணாலே கெஞ்சினான். போன் எல்லாருக்கும் கேட்கிறமாதிரிப் போட்டிருந்தது.

"மூண்டாம் முடிச்சைத்தான் கண்டனான், பிள்ளை" என்றார் பரராஜசிங்கம். "எனக்கு அது காணும். என்ன பிழையாம்?"

அவள் தியாகராசாவைப் பார்த்தாள், ஹரிசனைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் தன் வேலை தப்பும். ஆனால் மகளின் தாலியை அரைகுறையாய்ப் பார்த்த மனுசனிடம், மகன்தான் மறித்தான் என்று எப்படிச் சொல்வது? அவளால் முடியவில்லை.

"வயர்ல ஒரு சின்ன பிரச்சினைங்க ஐயா. நான்தான் கவனிச்சிருக்கணும். சரி பண்ணிட்டேன்."

பரராஜசிங்கம் விடவில்லை.

"ஹரிசன் அந்தப் பழைய பெட்டியைக் கொண்டுவந்து குத்தினவனோ? இஞ்ச வீட்டிலயும் அது உந்த வேலைதான் செய்தது. எறியடா எண்டு சொன்னனான். கனடாச் சாமான், கொழும்பில உதவும் எண்டு பொதி கட்டினவன்."

தியாகராசா ஹரிசனின் தலைப்பாகையை மேலும் கீழும் பார்த்தார். மணி அடித்துக்கொண்டிருந்த போனை அவரே வெட்டினார். வரவேற்பு முடியும்வரை யாரையும் மேடைக்குப் பின்னால் விடவேண்டாம் என்று நிரோஷாவிடம் சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பக்கம் போனார்.